பச்சையாகத் தின்னும் கீரைக்கு ஒரு பாத்தி, பூச்சிகளுக்கு ஒரு வேலி

பறித்துக் கழுவி அப்படியே தட்டில் போடும் இலைக்குப் பூச்சிமருந்து அடிக்கக் கூடாது. அப்படியானால் இலைச்சாறு உறிஞ்சும் அசுவினியையும் புழுவையும் யார் பார்த்துக்கொள்வது? பொறிவண்டும் குளவியும் சிலந்தியும் தையல்சிட்டும் தேரையும்தான். இவை அசுவினி இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு வீட்டில் தங்கிவிடாது. தேன், மகரந்தம், தண்ணீர், ஒதுங்க ஒரு புதர், முட்டையிட ஏற்ற செடி எல்லாம் வருடம் முழுக்கக் கிடைக்க வேண்டும். அதைத் தருபவை துளசி, தும்பை, ஆவாரை, நொச்சி, வெட்சி போன்ற நம் மண்ணின் செடிகள். ஆகவே சாலட் கீரைப் பாத்தியையும் நாட்டுச்செடி வேலியையும் தனித்தனி வேலையாக எண்ணாமல் ஒரே தோட்டத்தின் இரு பாதிகளாகத் திட்டமிடுங்கள். கீழே உள்ள கணக்கு சென்னை, திருச்சி, மதுரை, கோவை போன்ற சமவெளிகளுக்கானது. ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்கு லெட்டூஸ் எளிது, கொடிப்பசலைதான் கடினம், காலக்கணக்கும் வேறு.

இடமும் திசையும்

கீரைக்கு நாளுக்கு ஐந்தாறு மணி நேர வெயில் போதும். காலை வெயில் விழுந்து, பிற்பகல் மூன்று மணிக்குமேல் நிழல் விழும் இடம் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து நிற்பதால் நிழல் வடக்கே விழும். உயரமான செடிகளைப் பாத்திக்குத் தெற்கே வைத்தால் குளிர்காலக் கீரை வெயிலுக்கு ஏங்கி, வெளிறி, நெட்டையாக ஓடும். நொச்சி, ஆவாரை போன்றவற்றை வடக்கிலும் மேற்கிலும் வையுங்கள். மேற்கு வேலி கோடையில் பிற்பகல் வெயிலைத் தடுக்கும்.

பாத்தியின் அகலம் நான்கு அடியைத் தாண்ட வேண்டாம். இரு பக்கமும் நின்று கை எட்டிப் பறிக்கும் அளவு அதுதான். உள்ளே கால் வைத்து மிதித்தால் மண் இறுகிவிடும். தரையைவிட அரை அடி உயர்த்திக் கட்டுங்கள். ஐப்பசி மழையில் தாழ்ந்த பாத்தியில் ஒரு நாள் தண்ணீர் நின்றாலே சிறுகீரை வேர் அழுகிச் சாய்ந்துவிடும்.

நாலடிக்கு எட்டடிப் பாத்தி ஏறக்குறைய மூன்று சதுர மீட்டர். ஒரு அடி ஆழம் கொத்தி, கட்டி உடைத்து, நன்றாக மட்கிய தொழுவுரம் 12 முதல் 15 கிலோ, வேப்பம்பிண்ணாக்கு 600 கிராம் கலந்து, தண்ணீர் தெளித்து, பத்து நாள் விட்டு விதையுங்கள். பிண்ணாக்குப் போட்ட மறுநாளே விதைத்தால் அது மட்கும்போது எழும் சூட்டில் முளை கருகும்.

மாடியில் என்றால் முதலில் எடையை யோசியுங்கள். ஒரு கன அடி ஈரமண் 45 முதல் 50 கிலோ இருக்கும். அதனால் கழுவிய தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, செம்மண் ஒரு பங்கு என்று கலப்பது நல்லது. நார்க்கழிவுக் கட்டியில் உப்பு இருக்கும். நீரில் ஊறவைத்துப் பிழிந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, இன்னும் இரண்டு முறை அப்படியே செய்யுங்கள். இதைச் செய்யாமல் விதைத்தால் இலை நுனி காய்ந்து பழுக்கும். பலர் அதை நோய் என்று நினைத்து மருந்து தேடுகிறார்கள். கீரைக்கு ஆழப் பைகள் வீண்செலவு. இரண்டடி நீளம், ஒரு அடி அகலம், ஒன்பது அங்குல உயரமுள்ள செவ்வகப் பை போதும். பையை நேரே தளத்தில் வைக்காமல் செங்கல்மேலோ தாங்கியிலோ வையுங்கள். அடியில் காற்றோடினால் தளமும் கெடாது, வேரும் அழுகாது.

எந்த மாதத்தில் எது

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது கீரைக்கும் பொருந்தும், ஒரு கவனத்தோடு. கோவை, பொள்ளாச்சி, தேனிப் பக்கம் ஆடிக்காற்று இளநாற்றைச் சுழற்றி முறிக்கும். காற்று வரும் பக்கம் பழைய சேலை ஒன்றைக் கட்டினால்கூடப் போதும். ஆடி முதல் புரட்டாசி வரை முளைக்கீரை, சிறுகீரை, அரைக்கீரை, பருப்புக்கீரை எல்லாம் வரும்.

ஐப்பசியும் கார்த்திகை முற்பாதியும் பொடிவிதை தூவும் காலம் இல்லை. கனமழை விதையை ஓரத்துக்கு அடித்துச் சென்றுவிடும். தப்பிய நாற்றின் இலையடியில் மண் தெறித்து வெண்துரு நோய் வரும். இந்த ஆறு வாரத்தில் தண்டு நட்டு வளர்ப்பவற்றை நம்புங்கள்: வல்லாரை, பொன்னாங்கண்ணி, கொடிப்பசலை. நாட்டுச்செடிகளை நடவும் இதுவே ஆகச் சிறந்த காலம். புரட்டாசிக் கடைசியில் குழியில் இறக்கிவிட்டால் வடகிழக்குப் பருவமழை வேர் பிடிக்கவைத்துவிடும். அடுத்த சித்திரையில் குடம் குடமாக ஊற்றும் வேலை மிச்சம்.

கார்த்திகைப் பிற்பாதியிலிருந்து மாசி நடு வரை சாலட் கீரையின் பொற்காலம். லெட்டூஸ், கொத்தமல்லி, வெந்தயக்கீரை, பாலக், முள்ளங்கி இலை எல்லாம் இந்த மூன்று மாதக் குளிரில்தான் மென்மையாக வரும். பங்குனி பிறந்தபின்னும் லெட்டூஸை வளர்க்கப் பார்க்காதீர்கள். பாத்தியைக் காலிசெய்து அரைக்கீரை விதையுங்கள். சித்திரை, வைகாசியில் பாதி நிழல் தரும் பச்சை வலைக்குக் கீழே சிறுகீரையும், வெட்ட வெளியில் கொடிப்பசலை, பருப்புக்கீரை, புளிச்சக்கீரையும் தாங்கும். கோடையிலும் கடையில் பார்க்கும் லெட்டூஸ் வேண்டும் என்று ஆசைப்படுவதைவிட, அந்த வெயிலிலேயே தழைக்கும் கொடிப்பசலைக் கொழுந்தைச் சாலட்டில் போடுவது புத்திசாலித்தனம்.

விதைப்பு

முளைக்கீரை, சிறுகீரை, அரைக்கீரை அடங்கிய தண்டுக்கீரைக் குடும்பத்து விதை மிகப் பொடியானது. ஒரு சதுர மீட்டருக்கு 2 கிராம், அதாவது அரைத் தேக்கரண்டி போதும். அதைப் பத்து மடங்கு காய்ந்த மணலோடு கலந்து, பாதியை நீளவாக்கிலும் மீதியைக் குறுக்கிலும் தூவினால் சீராக விழும். மேலே அரை சென்டிமீட்டருக்குமேல் மண் மூடக் கூடாது. பூவாளியால் மட்டும் நீர் விடுங்கள். குழாய் நீர் நேராக விழுந்தால் விதை ஒரே மூலையில் சேர்ந்துவிடும். மூன்றிலிருந்து ஐந்து நாளில் முளைக்கும். முளைக்காவிட்டால் பெரும்பாலும் எறும்பு தூக்கியிருக்கும். விதைத்த அன்றே பாத்தியைச் சுற்றி ஒரு கைப்பிடி நொய் தூவிவிட்டால் எறும்பு அதில் மும்முரமாகிவிடும். அதற்குள் விதை முளைத்துவிடும்.

அடர்ந்து முளைத்த நாற்றைக் கலைக்க மனம் வராமல் விடுவதுதான் நாற்றழுகலுக்கு முதற் காரணம். இலைகள் ஒன்றோடொன்று ஒட்டி, அடித்தண்டில் ஈரம் காயாமல், இரவோடு இரவாகக் கொத்தாகச் சாயும். பத்தாம் நாளில் விரலிடை அளவு விட்டு மற்றதைப் பிடுங்குங்கள். பிடுங்கியதும் சாப்பிடக் கூடியதே. நீரைக் காலையில் விடுங்கள். மாலையில் ஊற்றினால் இரவு முழுக்க ஈரம் நிற்கும்.

முளைக்கீரையை 21 முதல் 25 நாளில் வேரோடு பிடுங்க வேண்டும். அரைக்கீரையைத் தரையிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு அறுத்தால் மீண்டும் தழைக்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 3 இப்படி அறுத்து எடுப்பதற்கென்றே வந்த ரகம். விதைத்த இருபதாம் நாளிலிருந்து மூன்று மாதத்தில் பத்து அறுப்பு வரை தரும். ஒவ்வோர் அறுப்புக்குப் பின்னும் ஒரு பைக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம் போட்டு நீர் விடுங்கள். தண்டுக்கீரை வகைகளில் சிறுநீரகக் கல்லுக்கு வழிவகுக்கும் ஆக்சலேட் அதிகம் என்பதால் இவற்றை வதக்கியோ கடைந்தோ உண்பதே நல்லது. நாற்றுப் பருவத்துக் குருத்தை மட்டும் கொஞ்சமாகப் பச்சையாகச் சேர்க்கலாம். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் பருப்புக்கீரை, பாலக், கொடிப்பசலை மூன்றையும் பச்சையாக நிறையத் தின்பதைத் தவிர்க்க வேண்டும்.

வெந்தயத்தை எட்டு மணி நேரம் ஊறவைத்து விதைத்தால் மூன்று நாளில் முளைக்கும், 20 முதல் 25 நாளில் பறிக்கலாம். கொத்தமல்லி விதையைச் செருப்பாலோ சப்பாத்திக் கட்டையாலோ இரண்டாகப் பிளந்து விதைக்க வேண்டும், தூளாக்கிவிடக் கூடாது. முளைக்கப் பத்து நாள் எடுக்கும். ஒரு வாரம் பார்த்துவிட்டு வரவில்லை என்று மண்ணைக் கிளறுபவர்கள் அதிகம்.

அடுக்களைக் கடுகையும் வெந்தயத்தையும் ஒரு தட்டில் நார்க்கழிவு பரப்பி நெருக்கமாகத் தூவினால் ஏழு முதல் பத்து நாளில் சாலட்டுக்கான குருத்து கிடைக்கும். இதற்கு விதைக்கடைப் பாக்கெட் விதையைப் பயன்படுத்தாதீர்கள். இளஞ்சிவப்பு, நீலம் என்று சாயமேறி வருபவை பூஞ்சைக்கொல்லி பூசியவை.

லெட்டூஸ் தனியாகச் சொல்ல வேண்டியது

லெட்டூஸ் முளைக்கவில்லை என்று விதையைக் குறைசொல்வது வழக்கம். காரணம் பெரும்பாலும் சூடு. மண் 28, 30 டிகிரியைத் தாண்டினால் லெட்டூஸ் விதை உறங்கிப்போகும். எவ்வளவு நீர் ஊற்றினாலும் எழாது. ஈரத்துணியில் விதையைத் தூவி, மடித்து, டப்பாவில் போட்டு, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் இரண்டு நாள் வையுங்கள். மூன்றாம் நாள் மாலை, வெயில் இறங்கியபின், குழித்தட்டில் விதையுங்கள். இன்னொன்று: இந்த விதைக்கு வெளிச்சம் வேண்டும். மண்மேல் வைத்து விரலால் லேசாக அழுத்தி, மேலே மெல்லிய தூசியளவு நார்க்கழிவு மட்டும் தூவுங்கள்.

நான்கு இலை வந்ததும், ஏறக்குறைய மூன்றரை வாரத்தில், எட்டு அங்குல இடைவெளியில் நடலாம். நடும்போது குருத்து மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும், புதைந்தால் அழுகும். கொஞ்சம் கொஞ்சமாக வெளி இலைகளை ஒடித்தெடுக்கும் தளர் இலை ரகங்களைத் தேர்ந்தெடுங்கள். ஐஸ்பெர்க் போன்ற உருண்டை கட்டும் ரகம் சமவெளியில் உருண்டை பிடிக்காது. விதைத்த 40, 45 நாளில் பறிக்கத் தொடங்கலாம். நடுத்தண்டு எழும்பத் தொடங்கினால் இலையில் பால் ஏறிக் கசப்பு வரும். அதன்பின் நிழல்வலை கட்டியும் பயனில்லை. அப்போது செடியைப் பிடுங்காமல் இரண்டை மட்டும் பூக்க விடுங்கள். சிறு தேனீக்கள் அந்தப் பூவைத் தேடி வரும்.

பத்து நாளுக்கு ஒருமுறை இருபது விதை என்று பிரித்து விதைப்பதே முறை. ஒரு பாக்கெட்டை ஒரே நாளில் கொட்டினால் தை மாதத்தில் ஒரு வாரம் தின்ன முடியாத அளவு வரும். அடுத்த வாரம் எல்லாம் கசக்கும்.

தண்டு நட்டு வரும் கீரைகள்

வல்லாரைக்கு ஈரமும் பாதி நிழலும் வேண்டும். குழாயடிக்கு அருகே அகன்ற தட்டையான தொட்டியில், வேர்விட்ட கணுக்களை ஐந்தாறு அங்குல இடைவெளியில் நட்டால் இரண்டு மாதத்தில் படர்ந்து மூடிவிடும். இலங்கைத் தமிழர் வீடுகளில் இதைப் பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், உப்பு சேர்த்து, கடைசியில் எலுமிச்சை பிழிந்து பச்சையாகவே சம்பல் போடுவார்கள். வல்லாரைக்கு இதைவிட நல்ல வழி தெரியவில்லை. அரிந்தவுடன் உண்ண வேண்டும், நேரமானால் கறுக்கும்.

பொன்னாங்கண்ணியை மூன்று கணுவுள்ள நான்கு அங்குலத் தண்டாக ஒடித்து, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி சாய்த்து நடுங்கள். வல்லாரையையும் இதையும் சாக்கடை ஓரத்திலும் ஏரிக்கரையிலும் பறித்து உண்ணாதீர்கள். கழிவுநீரில் உள்ள உலோகங்களை இவை இலையில் சேர்த்துவைக்கும். நடுவதற்காகத் தண்டு எடுத்தாலும், புதிய மண்ணில் நட்டு, முதல் இரண்டு அறுப்பைத் தள்ளிவிட்டு, அதன்பின் வருவதைச் சாப்பிடுங்கள்.

கொடிப்பசலைக்கு ஓரடித் தண்டும், ஏற ஒரு கயிறும் போதும். ஆறடி ஏறியதும் நுனியைக் கிள்ளுங்கள். பக்கக் கிளையில் வரும் இளம் இலைதான் பச்சையாக நன்றாக இருக்கும். முற்றியதில் வழவழப்பு மிஞ்சும்.

பருப்புக்கீரையைப் பலர் களை என்று பிடுங்கி எறிகிறார்கள். தண்ணீர் குறைந்தாலும் வாடாத, கோடைச் சாலட்டுக்கு ஏற்ற கீரை அது. இரவில் இலைக்குள் அமிலம் சேர்வதால் காலையில் பறித்தால் புளிப்பாகவும் மாலையில் பறித்தால் மென்சுவையாகவும் இருக்கும். அதேபோல் தரையோடு படரும் சித்திரப்பாலாடையைப் பருப்புக்கீரை என்று எடுத்துவிடக் கூடாது. தண்டை ஒடித்துப் பாருங்கள். வெள்ளைப் பால் வந்தால் அது பருப்புக்கீரை இல்லை.

வேலிக்கும் ஓரத்துக்கும் நாட்டுச்செடிகள்

பாத்தியை ஒட்டிய வரிசையில் சின்னப் பூக்கள் வேண்டும். அசுவினியைத் தின்பது மிதவை ஈயின் புழு. ஆனால் தாய் ஈ உயிர்வாழ்வது தேனிலும் மகரந்தத்திலும். அதன் வாய் குட்டையானது, ஆழமான பூவில் எட்டாது. விரிந்த பொடிப்பூதான் அதற்கு ஏற்றது. ஆகவே கொத்தமல்லியில் நான்கைந்து செடியை அறுக்காமல் பூக்க விடுங்கள். சதகுப்பையும் ஒரு வரிசை விதையுங்கள். இரண்டும் நாட்டுச்செடி என்று சொல்ல முடியாது. இந்த வேலைக்கு இவற்றை மிஞ்ச எதுவும் இல்லை என்பதால் சேர்க்கிறோம். இவற்றோடு துளசி, தும்பை. துளசியின் கதிரை முழுக்கக் கிள்ளிவிடும் பழக்கம் உண்டு. பாதிச் செடிகளில் கதிரை விட்டுவைத்தால் கொசுத்தேனீயும் கொம்புத்தேனீயும் காலை முழுக்க அங்கேதான் இருக்கும். தும்பை மழை முடிந்ததும் தானே முளைக்கும். களையெடுக்கும்போது கண்டுகொண்டு விட்டுவைத்தால் போதும்.

அடுத்த வரிசை புதர்கள். ஆவாரை விதைக்கு ஓடு கெட்டி. கொதித்து இறக்கிய வெந்நீரை விதைமேல் ஊற்றி, அப்படியே ஆற விட்டு, பன்னிரண்டு மணி நேரம் கழித்து உப்பியவற்றை மட்டும் விதையுங்கள். மூன்றரை அடி இடைவெளி. வெயில் முழுக்க வேண்டும். உரமும் நீரும் அதிகமானால் இலைதான் வரும், பூ வராது. நொச்சியைப் பென்சில் கனமுள்ள ஓரடிப் போத்தாக வெட்டி ஐப்பசியில் நேரடியாக ஊன்றலாம். நான்கைந்து அடிக்கு ஒன்று. பூத்து முடிந்ததும் இடுப்பளவுக்கு வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் மரமாகி நிழலைக் கூட்டும். வெட்சியில் நம் காட்டு ரகமான சிவப்புப் பூவைத் தேடுங்கள். அதன் நீண்ட குழலில் தேன் குடிக்க வண்ணத்துப்பூச்சியும் ஊதா தேன்சிட்டும் வரும், பழத்துக்குக் கொண்டைக்குருவி வரும். கிலுகிலுப்பையை ஓரிரவு ஊறவைத்து விதைக்கலாம். வடகிழக்குப் பருவமழையை ஒட்டிக் கூட்டமாக இடம்பெயரும் நீல வரியன், கருநீல வரியன் ஆண்கள் இதன் காய்ந்த தண்டிலும் காயிலும் மொய்த்து உறிஞ்சும். இனப்பெருக்கத்துக்கு வேண்டிய வேதிப்பொருள் அவற்றுக்கு அதில் கிடைக்கிறது. பூத்து முடிந்ததும் செடியைப் பிடுங்கிக் குப்பையில் போடாமல் காய்ந்தே நிற்க விடுவது அதற்காகத்தான்.

புழுவுக்கான செடி வேறு, தேனுக்கான செடி வேறு. பூ மட்டும் வைத்தால் வண்ணத்துப்பூச்சி வந்து குடித்துவிட்டுப் போகும். கறிவேப்பிலை இருந்தால் கறிவேப்பிலை அழகி முட்டையிடும். எலுமிச்சையில் எலுமிச்சை அழகி, கொன்றையில் கொன்னை வெள்ளையன், எருக்கில் வெந்தய வரியன், ஆடுதீண்டாப்பாளையில் ரோஜா அழகி. கறிவேப்பிலையில் முதலில் பறவை எச்சம் ஒட்டியதுபோல் தெரியும் புழு, வளர்ந்ததும் பச்சையாக மாறும். தொட்டால் தலையிலிருந்து நெடியடிக்கும் சின்னக் கொம்பு நீட்டும், கடிக்காது. ஓரடிக் கன்றை ஐந்து புழு இரண்டு நாளில் மொட்டையாக்கிவிடும். அதற்காகக் கொல்ல வேண்டியதில்லை. சமையலுக்கு ஒன்று, புழுவுக்கு ஒன்று என்று இரண்டு செடி வையுங்கள்; புழுவை அது இருக்கும் இலையோடு கிள்ளி அடுத்த செடியில் வைத்தால் மாறிக்கொள்ளும். மொட்டையான செடி மூன்று வாரத்தில் துளிர்க்கும்.

எச்சரிக்கை இரண்டு. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் எருக்கு வேண்டாம். ஆடுதீண்டாப்பாளை சிறுநீரகத்தைக் கெடுக்கும் நச்சு கொண்டது. மருந்து என்று யார் சொன்னாலும் உண்ணக் கூடாது. இரண்டையும் கீரைப் பாத்தியிலிருந்து பத்தடியாவது தள்ளி வையுங்கள். உண்ணிச்செடியில் வண்ணத்துப்பூச்சி மொய்க்கிறதே என்று அதை நடாதீர்கள். பறவை வழியாக விதை பரவி, நம் காடுகளின் அடிப்பரப்பை மூடிக்கொண்டிருக்கும் அயல்செடி அது.

நாற்றங்காலில் பூவோடு வாங்கும் செடிக்கு ஊடுருவிப் பாயும் பூச்சிமருந்து கொடுத்திருக்க வாய்ப்பு உண்டு. அந்த நஞ்சு தேனிலும் மகரந்தத்திலும் வரும். முடிந்தவரை விதையிலிருந்தோ போத்திலிருந்தோ வளர்ப்பதே பாதுகாப்பு.

தண்ணீர், வெற்றுமண், சருகு

பறவைக்கு வைக்கும் மண்தட்டு இரண்டு அங்குலத்துக்குமேல் ஆழம் வேண்டாம். நடுவே ஒரு கல் வைத்தால் தேனீயும் அதில் நின்று குடிக்கும். தினமும் கொட்டித் தேய்த்து மாற்றுங்கள். ஒரு வாரம் விட்டால் டெங்குக் கொசு வளர்ந்துவிடும். தக்காளி, கத்தரிப் பூவை அதிரவைத்து மகரந்தம் உதிர்க்கும் நீலப்பட்டைத் தேனீ மண்ணுக்குள் கூடு கட்டும். சிமெண்ட் போட்டு மூடிய வீட்டில் அதற்கு இடமில்லை. வெயில் படும் ஓரத்தில் இரண்டடிக்கு இரண்டடி மண்ணைக் கொத்தாமல், மூடாக்குப் போடாமல் விடுங்கள். இலையில் வட்டமாக வெட்டிய ஓட்டை கண்டால் அது இலைவெட்டித் தேனீயின் வேலை. கூட்டுக்கு எடுத்துப்போகிறது, செடிக்குக் கெடுதி இல்லை.

சருகு என்றால் பாம்பு வரும் என்ற பயம் நியாயமானதுதான். பாம்பு வருவது எலிக்கும் ஒளிவிடத்துக்கும். சருகை இரண்டு அங்குலத்துக்குமேல் குவிக்காமல், வாசலிலிருந்து பத்தடி தள்ளி, சுற்றிலும் மூன்றடி வெறும் தரையாகப் பெருக்கி வைத்தால் தேரையும் அரணையும் தங்கும். கல், செங்கல், பழைய பலகை அடுக்கிவைப்பதைத் தவிருங்கள்.

கெடுவதும் காரணமும்

அசுவினி தெரிந்ததும் கை மருந்தைத் தேடும். பொறுங்கள். அசுவினி பெருகிய சில நாள் கழித்துத்தான் அதைத் தின்பவை வரும். இடையில் வேப்பெண்ணெய் அடித்தால் வந்த மிதவை ஈப் புழுவும் சேர்ந்து போகும். அதுவரை காலையில் இலையடியில் நீரைப் பீய்ச்சி அடித்து உதிர்த்தால் போதும். பொறிவண்டின் குஞ்சுப்புழுவைப் பலர் பகை என்று நசுக்குகிறார்கள்: கறுப்பு உடல், ஆரஞ்சுப் புள்ளிகள், முன்பக்கம் ஆறு கால். இலையில் மெல்லிய நூலின் நுனியில் நிற்கும் வெள்ளை முட்டை, அசுவினியைத் தின்னும் கண்ணாடி இறக்கைப் பூச்சியுடையது. இவை இரண்டையும் அடையாளம் கண்டுகொண்டால் பாதி வேலை முடிந்தது.

இலை சுருண்டு நூலால் பிணைந்திருந்தால் உள்ளே இலை பிணைக்கும் புழு இருக்கிறது. சுருளோடு கிள்ளி எறியுங்கள். தையல்சிட்டும் தவிட்டுக்குருவியும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். இலையின் மேலே மஞ்சள் திட்டும் அடியில் வெள்ளைக் கொப்புளமும் வெண்துரு. அதை அறுத்து எடுத்து, உரக்குழியில் போடாமல் வெளியே தள்ளுங்கள். அந்தப் பாத்தியில் இரண்டு மாதம் கீரை மாற்றி வெந்தயமோ முள்ளங்கியோ விதையுங்கள். இலைக்குள் வளைந்து நெளியும் வெள்ளைக்கோடு இலைத்துளைப்பான். அந்த இலையை மட்டும் கிள்ளினால் போதும்.

மழைக்காலத்தில் ஆப்பிரிக்கப் பெருநத்தை ஓரிரவில் ஒரு பாத்தியைக் காலிசெய்யும். நனைந்த சணல்சாக்கை மாலையில் விரித்து, அதன்மேல் முட்டைக்கோஸ் இலையோ பப்பாளித் தோலோ வைத்து, விடியுமுன் டார்ச்சோடு போய்க் கையுறை அணிந்து பொறுக்கி, கெட்டியான உப்புநீரில் போடுங்கள். வெறுங்கையால் தொட வேண்டாம். அது மனிதருக்குத் தொற்றும் நுண்புழுவைச் சுமக்கும். நத்தை ஊர்ந்த இலையைப் பச்சையாகத் தின்னவும் கூடாது. நத்தை நடமாடும் வாரங்களில் எல்லாக் கீரையையும் வேகவைத்தே உண்ணுங்கள்.

மஞ்சள் ஒட்டுப்பொறியைப் பூச்செடி அருகே தொங்கவிடாதீர்கள். வெள்ளை ஈயோடு பொறிவண்டும் கொசுத்தேனீயும் ஒட்டிச் சாகும். வேப்பெண்ணெய் தவிர்க்கவே முடியாத நிலையில், ஒரு லிட்டருக்கு 5 மில்லியும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, மாலை ஐந்தரைக்குமேல், பூவில்லாத செடியில் மட்டும். பறிக்க இரண்டு வாரம் இருக்கும்போதே நிறுத்துங்கள். கசப்பு இலையில் நிற்கும். வண்ணத்துப்பூச்சிக்காக வைத்த செடிகளில் ஒருபோதும் வேண்டாம்.

பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம் பற்றி ஒரு வார்த்தை. மண்ணுக்கு இவை நல்லவையாக இருக்கலாம். ஆனால் இவற்றில் பசுஞ்சாணம் இருக்கிறது. பச்சையாகத் தின்னும் இலைமேல் தெளித்தால் குடலைக் கெடுக்கும் கிருமிகளை நேரே தட்டுக்குக் கொண்டுவருகிறோம். விதைப்புக்கு முன் மண்ணில் ஊற்றுங்கள். லெட்டூஸ், வல்லாரை, கொத்தமல்லி முளைத்தபின் ஊற்றவே வேண்டாம். நன்கு மட்கிய மண்புழு உரமே போதும்.

பறிப்பும் விதை எடுப்பும்

சாலட் இலையை வெயில் ஏறுமுன் பறியுங்கள். ஓடும் நீரில் மூன்று முறை, இலைக் காம்பை விரித்துக் கழுவி, பருத்தித் துணியில் உருட்டி ஈரம் போக்கி, மூடிய டப்பாவில் துணியோடு வைத்தால் நான்கு நாள் நிற்கும். உப்புநீரில் ஊறவைத்தால் புழுவும் மண்ணும் போகும். எல்லாக் கிருமியும் சாகும் என்று நம்ப வேண்டாம்.

விதைக்கு நல்ல செடி இரண்டு மூன்றை முதல் அறுப்பிலிருந்தே தொடாமல் விடுங்கள். சிறுகீரையும் தண்டுக்கீரையும் அருகருகே பூத்தால் சில நேரம் கலந்துவிடும். ஒரு பருவத்துக்கு ஒரு வகையை மட்டும் விதைக்கு விடுவது எளிய வழி. கதிரில் கறுப்பு விதை உதிரத் தொடங்கியதும் சில்லைக் குருவிகள் வரும். அவற்றுக்கு ஒரு கதிரை விட்டு, மற்றதை மெல்லிய துணிப்பையால் கட்டி, ஒரு வாரம் கழித்து அறுத்து, நிழலில் காயவைத்துத் தட்டிப் புடையுங்கள். காகித உறையில் ரகமும் மாதமும் எழுதி, கொஞ்சம் சாம்பலோடு கண்ணாடிச் சீசாவில் அடைத்தால் அடுத்த ஆடிக்கு ஆகும். லெட்டூஸ் விதையை மட்டும் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். அலமாரியில் ஒரு கோடையைக் கடந்த விதை பாதிகூட முளைக்காமல் போகலாம்.